மேலே ஒன்றும் எழுதாத தாள்

1

போன புதன்கிழமை இங்கே ஒரு தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் நான் ஒன்றை மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரில் இருந்த காலத்திலும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இங்கே என்றால் ஆஸ்திரேலியாவில் பெர்த். மகன் சேகர் கப்பல் பட்டறையில் வெல்டர். அவன், மருமகள், பேத்தி செல்வி, நான், நாலு பேர். பள்ளிக்கூடத்தில் செல்விக்கு ஷெல்லி என்று பெயர். வீட்டிலும் இப்போது ஷெல்லி என்றால்தான் திரும்பிப் பார்க்கிறாள். என் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், வடக்குப்பட்டுப் பக்கம். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். பேச எனக்கு எப்போதும் கூச்சம். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவது ஆளாக நிற்க மாட்டேன், பின்னால் போய்விடுவேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுத மட்டும் கூச்சம் இல்லை. இந்தப் பத்திரிகை எங்கள் ஊர் டீக்கடைக்கு வருகிறது, ஒருவர் படித்தால் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்று தங்கை எழுதியிருந்தாள். அதற்காகத்தான் இதில் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

நடந்தது இதுதான். எங்கள் தெருக்கோடியில் கவுன்சில் கட்டிய மண்டபம் ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் மார்கழிதான் கோடை. கோடை வந்தால் தண்ணீரை எப்படிச் சேமிப்பது என்று அந்த மண்டபத்தில் ஜனங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். காசு கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. பள்ளிக்கூடத்தில் செல்வியை அப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் போக வேண்டுமாம். மருமகளுக்கு வேலை. என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் கோடு போட்டிருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. வெள்ளையாகக் கிடந்தது. பேனாவைத் தொடாமல் நின்றேன்.

"ஆயா, ஜஸ்ட் பேர் எழுது."

"இது எதுக்கு?"

"அட்டெண்டன்ஸ். ஒண்ணும் இல்ல ஆயா."

"மேல ஒண்ணும் எழுதலியே."

"ஸோ? பின்னாடி ஆள் வெயிட் பண்றாங்க. ப்ளீஸ் ஆயா, எனக்கு ஷேமா இருக்கு."

"நான் போட மாட்டேன்."

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஜேனட் என்கிற பெண். சிரித்த முகம். அவளிடம் நானே சொல்லிவிடலாம் என்று "நோ பேப்பர்" என்றேன். தாள் இல்லை என்கிறேனாக்கும் என்று நினைத்து, உள்ளே போய் இன்னொரு வெள்ளைத் தாள் கொண்டுவந்து வைத்தாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வி முகம் சிவந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எனக்குப் பிடித்தது பைத்தியம் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்கிறேன்.

2

இந்த நாட்டுக்கு வந்து நான் செய்த வேலை ஒன்று உண்டென்றால் அது கையெழுத்துப் போட்டதுதான். விசாவுக்கு ஒன்று, அதை நீட்டிக்க ஒன்று, டாக்டருக்கு ஒன்று, ஊருக்குப் போக ஒன்று, போனால் திரும்பி வர ஒன்று. எல்லாம் இங்கிலீஷ். சேகர் பக்கத்தைப் புரட்டி விரலை வைப்பான்.

"இங்க போடும்மா. இங்க. அப்புறம் இங்க."

"இன்னா எழுதிக்கீது இதுல?"

"சும்மா ஃபார்ம்மா. சொன்னா உனக்குப் புரியாது."

அவன் சொன்னது பொய் இல்லை. புரியாதுதான். ஆனால் புரியாது, புரியாது என்று ஒன்பது வருஷம் விரல் வைத்த இடத்தில் போட்டுப் போட்டு, கை தானாகப் போட ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் உட்காரச் சொல்லி நாற்காலியை விரலால் காட்டினாள். நான் பேனாவைத் தேடினேன். இன்றைக்கும் விருந்தாளி வந்தால் சேகர் இதைச் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

இந்தக் கையோடுதான் இந்த வருஷம் தை மாதம் ஊருக்குப் போனேன்.

3

தங்கை கன்னியம்மாள் வீட்டில் தங்கினேன். புருஷன் இல்லாதவள். ஏரி மதகுக்குக் கீழே ஒரு காணி நிலம். அதில் விளைந்தால்தான் அவளுக்குச் சோறு.

மாசியில் ஒரு வேன் வந்தது. மெட்ராஸில் ஏதோ சங்கமாம். நம் ஏரி நம் பொறுப்பு என்று துணியில் எழுதி இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினார்கள். பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. நாடகத்தில் ஒரு பொம்பளை குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வம்பு பேசப் போகிறாள், ஏரி வற்றிப்போகிறது. எங்கள் தெருவில் குழாயே கிடையாது. பிறகு வெள்ளைச் சட்டை போட்ட தம்பி ஒருவர் மைக் பிடித்தார்.

"தாய்மார்களே, பாத்திரம் துலக்கும்போது தண்ணீரை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு சொட்டும் முக்கியம்."

கன்னியம்மாள் என் காதில் சொன்னாள். "யக்கா, இவரு ஒரு குடம் தூக்கிப் பாத்துருப்பாரா? இடுப்புல வெச்சா இடுப்பே ஒடிஞ்சிடும் போலக்கீது."

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "அதான் மைக்கத் தூக்கினு சுத்துறாரு. கனமே இல்ல பாரு."

சிரித்தோம். அன்றைக்கு அது எங்களுக்குப் பொழுதுபோக்கு.

ஏரியைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும், யாராவது சொல்லுங்கள் என்று தம்பி கேட்டார். எல்லப்பன் எழுந்தார். என் வீட்டுக்காரரின் தம்பி, எங்கள் ஊர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்து விடுவது அவர்கள் குடும்பத்து வேலை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை இரண்டு பேருமாகச் செய்தார்கள்.

"சார், ஏரி காஞ்சதும் வண்டல் எடுக்க வண்டி எறங்கும். அதுக்கு முன்னாடி நாங்க கரை அடியிலேர்ந்து அறுவது தப்படி நடந்து குச்சி நடுவோம். குச்சிக்கு உள்ள கடப்பாற எறங்கக் கூடாது. அதப் பாத்துக்கினா போதும் சார், ஏரி நிக்கும்."

"நல்லது பெரியவரே, உட்காருங்க, நேரமாகுது" என்று மைக்கைத் திருப்பிக்கொண்டார்.

ஏரியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்தவர், அன்று முழுதும் அந்த இடத்தில் பேசப்பட்ட ஒரே ஒரு உண்மையை உட்காரச் சொன்னார். குச்சி என்றால் நொச்சிக் குச்சி. வருஷா வருஷம் நடுவார்கள். அதற்கு அந்தப் பக்கம் எத்தனை வண்டி வேண்டுமானாலும் வண்டல் எடு, ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு கூடை எடுத்தாலும் ஊர் கூடிக் கேட்கும். கரை நிற்பது அந்த அறுபது தப்படி மண்ணின் பலத்தில்தான். ஒருவரும் வேனில் வந்து எங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் என்றார்கள். பெயர் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மேசையில் தாள் வைத்தார்கள். எண் போட்ட கோடுகள், மேலே வெள்ளை. பெண்கள் தயங்கி நின்றார்கள். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, மற்றவர்களுக்கு முதலில் போகக் கூச்சம். யாரோ ஒருத்தி என்னைக் காட்டி, "அவங்க ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்துருக்காங்க" என்றாள்.

"அப்போ நீங்க முதல்ல போடுங்கம்மா" என்றார் தம்பி. "உங்களப் பாத்துத்தான் மத்தவங்க போடுவாங்க."

என் கண்ணுக்கு அந்த வெள்ளை தெரிந்தது. தெரியாமல் போட்டேன் என்று சொன்னால் பொய். "மேல ஒண்ணும் எழுதலியே" என்று கேட்கவும் செய்தேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

"அது அப்புறமா டைப் அடிச்சுப்போம்மா. பக்கெட்டுக்குத்தான். இங்க போடுங்க." விரலை வைத்தார்.

விரலைப் பார்த்ததும் கை போட்டுவிட்டது. ஒன்று, பச்சையம்மாள்.

அடுத்து கன்னியம்மாள். முதியோர் பள்ளிக்கு நடையாய் நடந்து எழுதக் கற்றுக்கொண்டவள், ஊர் முன்னால் எழுதியது அன்றுதான். கைநாட்டுக்கு வைத்திருந்த மை டப்பாவைக் கையால் தள்ளினாள். "யக்கா போட்டுட்டா. எனக்கு இன்னா பயம்?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. பெண்கள் கைதட்டினார்கள். அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையாக நின்று போட்டது.

4

சித்திரையில் ஏரி காய்ந்தது. எல்லப்பன் குச்சி நட்டார். இரண்டு நாள் கழித்து லாரிகள் வந்தன, மண் வெட்டும் மெஷினும் வந்தது. கரைமேல் லாரி நிறுத்தினால் ஏற்றுவது சுலபம் என்று மெஷினைக் கரை அடியிலேயே இறக்கினார்கள். வயலுக்கு ஆகிற வண்டலை ஓரமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதற்கும் கீழே இருந்த சவுடு மண்ணை ஆள் உயரத்துக்கு அள்ளினார்கள். பள்ளத்தில் கொட்டி மேடு ஏற்றுகிற மண் அது. மறைமலை நகர்ப் பக்கம் ஏதோ கட்டடத்துக்குப் போகிறது என்றான் டிரைவர்.

எல்லப்பன் குறுக்கே போய் நின்றார். "இன்னா பெரிசு, குச்சி நட்டுக்கினு கீற? எடுத்துனு போ, பல்லு குத்த ஆவும்" என்றான் அந்த டிரைவர். லாரி குச்சிமேல் ஏறிப் போயிற்று.

எல்லப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணி, ஆபீஸுக்குப் போய்ப் புகார் குடுக்கலாம் வா. நீ வெளிநாட்ல கீறவ, உன் பேச்சக் கேப்பாங்க."

என் பேச்சையா என்று நினைத்தேன். போனேன். கன்னியம்மாளும் வந்தாள். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை, அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். கிளார்க் நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்காமல் ஒரு காகிதக் கட்டை உருவி, ஒரு தாளைப் பிரித்துத் திருப்பிக் காட்டினார். அதே தாள்தான். மேலே இப்போது டைப் அடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் கிராம ஏரியைத் தூர் வாரி ஆழப்படுத்தி மண் எடுத்துக்கொள்ள, கீழே கையெழுத்திட்டுள்ள கிராமப் பெண்களாகிய நாங்கள் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம்.

அதற்குக் கீழே ஒன்று, பச்சையம்மாள்.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டாவது யாரு? கன்னியம்மாள். நீதானே?"

"ஆமா சார். ஆனா அது பக்கெட்டுக்குப் போட்டது சார்."

"பக்கெட்டுக்கா?" என்று அவர் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாப்பா? ஏரியக் குடுத்துட்டு பக்கெட் வாங்கினு போயிருக்காங்க. ஏம்மா, மூடி போட்ட பக்கெட்டா, மூடி இல்லாததா?"

என் வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. நாங்கள் போடும்போது அந்தத் தாளில் மேலே ஒன்றும் எழுதவில்லை. அவ்வளவுதான். எல்லப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு அண்ணி" என்றார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். கிளார்க் கட்டைக் கட்டினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லப்பன் சொன்னார். "நீ சொல்லிருந்தா லாரி நின்னுருக்கும்னு நான் சொல்லல, அண்ணி. சொல்லிருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி வருகிற பேப்பருக்குக் கெடு முடிகிறது, வந்துவிடு என்று சேகர் தந்தி அடித்தான். ஆனியில் இங்கே வந்துவிட்டேன். ஏரிக்கரையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

5

கார்த்திகையில் கன்னியம்மாளின் கடிதம் வந்தது. வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் தானே எழுதியிருந்தாள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

அக்கா, மழையில் ஏரி ரொம்பினதும் மெஷின் வெட்டின இடத்திலேயே கரை உடைஞ்சுது. எல்லப்ப மாமா ஊரைக் கூட்டி மூட்டை அடுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் நெல்லு மேல் முழங்கால் அளவு மண்ணு. ஏரியில் தண்ணி இல்லை, கோடைக்குக் கிணறும் காஞ்சிடும். கரை கட்டித் தரச் சொல்லிப் போனோம். நீங்கள் சம்மதிச்சு வெட்டினது, நீங்களே கட்டிக்குங்க என்று அந்தத் தாளைக் காட்டுகிறார்கள். தை மாசம் அந்த வேன் மறுபடி வருதாம், பேர் குடுக்கச் சொல்றாங்க. பக்கெட் இருக்குது. அதில் பழைய துணி போட்டு வைச்சிருக்கிறேன்.

சேகரிடம் காட்டினேன். நின்றபடியே படித்தான். "அங்க எல்லாம் அப்படித்தாம்மா. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்று கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அங்கே எல்லாம் என்கிறான். அவன் நீச்சல் கற்ற ஏரி. இந்த நாட்டில் வந்து நன்றாகக் கற்றுக்கொண்டான், ஊரை அங்கே என்று சொல்ல.

அந்தத் தாள் அந்தக் கட்டுக்குள் இருக்கிறவரை எங்கள் ஏரிக்குக் கரை இல்லை. அதில் முதல் பெயர் என்னுடையது. கடிதம் வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருக்கும்போதுதான் செல்வி என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள், மேலே ஒன்றும் எழுதாத தாளை என் முன்னால் வைத்தார்கள்.

6

வரிசையை விட்டு ஓரமாக நின்று செல்வியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதிதான் புரிந்திருக்கும். அவள் ஜேனட்டிடம் இங்கிலீஷில் சொன்னாள். அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆனா ஆயா, நீ ஏன் படிக்காம சைன் பண்ணே?"

"படிக்க இன்னாடி இருந்துச்சு? வெள்ளையா இருக்கறத எப்படிப் படிக்கிறது?"

நான் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. ஒரு அடி பின்னால் போனாள்.

ஜேனட் பேனாவை எடுத்து, தாளின் மேலே இரண்டு வரி எழுதி, செல்வியைப் படித்துச் சொல்லச் சொன்னாள். "இன்னிக்கு வாட்டர் கிளாஸுக்கு வந்தவங்க பேர் இது. வேற எதுக்கும் யூஸ் பண்ண மாட்டோம். அவ்ளோதான் எழுதியிருக்காங்க ஆயா."

அரை நிமிஷம். அவ்வளவுதான் ஆயிற்று. யாருடைய வேலையும் கெடவில்லை, பின்னால் நின்றவர்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக் கோபம் எனக்கு அடங்கவில்லை, ஏறியது. அரை நிமிஷ வேலை! அதை எங்களுக்குச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

இங்கே எல்லோரும் நியாயவான்கள் என்று எழுத வரவில்லை. மண்டபத்துக்கு எதிரே கோல்ஃப் விளையாடுகிற மைதானம். உச்சி வெயிலில் அதற்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே எங்களுக்கு நாலு நிமிஷத்தில் குளித்து முடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே லாரியை விட்டுவிட்டுக் குடத்துக்குப் பாடம் நடத்தினார்கள். இங்கே மைதானத்தை விட்டுவிட்டுக் குளியலறைக்கு நடத்துகிறார்கள். வகுப்பு என்று வந்தால் எங்கேயும் எங்களைத்தான் உட்கார வைக்கிறார்கள்.

பேனாவை வாங்கி, ஜேனட் எழுதிய இரண்டு வரிக்கும் அடியில் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு போட்டேன். இனி அந்த இடத்தில் ஒரு சொல் நுழைக்க முடியாது. பிறகுதான் பெயர் எழுதினேன். பள்ளிக்கூடத்துக்கு என்ன எழுதினாய் என்று மறுநாள் செல்வியைக் கேட்டேன். குளியல் நாலு நிமிஷம் என்று எழுதினாளாம்.

அந்த ஆபீஸில் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்ததை இப்போது சொல்கிறேன். டீக்கடையில் இதைப் படிப்பவர் இந்த இடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும்.

எங்கள் ஏரியில் மண் எடுக்க நான் சம்மதிக்கவில்லை. அந்தத் தாளில் உள்ள எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. பக்கெட் வாங்கப் பெயர் எழுதினோம். நாங்கள் எழுதியபோது அந்தத் தாளில் மேலே ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். சம்மதம் பிறகு ஏற்றியது. கரையின் அடியை வெட்டியது நாங்கள் இல்லை. வெட்டியவர்களும் வெட்ட விட்டவர்களும் கட்டித் தர வேண்டும். இதையே மனுவாக எழுதி அந்த ஆபீஸுக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன். எல்லப்பா, அது வந்து சேரவில்லை என்று அவர்கள் சொன்னால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் மேசைமேல் வை. கன்னியம்மா, தை மாதம் வேன் வந்தால் போ, பாட்டுக் கேள். தாள் நீட்டினால் முதலில் மேலே பார். வெள்ளையாக இருந்தால் பக்கெட் வேண்டாம் என்று சொல். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். என்னைப் போலத் தலையைக் குனியாதே.

மேலே இருப்பது முழுதும் நான் எழுதியது. யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. அடியில் கோடு போட்டுவிட்டு, கோட்டுக்குக் கீழே என் பெயரை எழுதுகிறேன்.

————————————————

பச்சையம்மாள்